28 கோர் ஒர்க்ஸ்டேஷன் 52,000 ரூபாய்க்குக் கிடைக்கிறது, வாங்கலாமா?

கேள்வி: அண்ணா, நான் மதுரை. டிப்ளமோ சிவில் முடித்துவிட்டு வீட்டிலிருந்தே பிளான் வரைந்து கொடுக்கிறேன். ஆட்டோகேடில் பிளான், ஸ்கெட்ச்அப்பில் எலிவேஷன், ரெண்டருக்கு, அதாவது மாடலை நிஜப் படம் போல எடுக்க, என்ஸ்கேப். இப்போது இருப்பது நான்காம் தலைமுறை ஐ3, 8 ஜிபி ராம், கிராபிக்ஸ் கார்டு இல்லை. ரெண்டர் எடுக்க ஒவ்வொரு முறையும் நண்பர் ஆபீசுக்குப் போகிறேன். கையில் 60,000 ரூபாய் இருக்கிறது. ஒரு ரீஃபர்பிஷ்டு கடையில் எச்பி இசட்640 ஒர்க்ஸ்டேஷன் பார்த்தேன். இரண்டு சியான் இ5-2680 வி4 பிராசஸர், மொத்தம் 28 கோர், 56 த்ரெட். 64 ஜிபி ராம், குவாட்ரோ கே4200 கார்டு, 512 ஜிபி எஸ்எஸ்டி. விலை 52,000. "புது மெஷின் இந்த விலைக்கு வெறும் 6 கோர்தான் வரும்" என்கிறார் கடைக்காரர். ராம் விலை வேறு ஏறிக்கிடக்கிறது, இதில் 64 ஜிபி இருக்கிறதே என்று ஆசையாக இருக்கிறது. 2,000 அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். வாங்கலாமா? வாங்கினால் எதையெல்லாம் செக் பண்ண வேண்டும்?

பதில்:

தம்பி, முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் வேலைக்கு அந்த மெஷின் வேண்டாம். மெஷின் மட்டமானது என்று நான் சொல்லவில்லை. பழைய ஒர்க்ஸ்டேஷன்களைக் கழற்றி, சுத்தம் செய்து, ஆட்களுக்குப் பார்த்துக் கொடுப்பதுதான் என் தொழில், இசட்640 எனக்குப் பிடித்த மெஷின்களில் ஒன்று. ஆனால் அது எந்த வேலைக்காகச் செய்யப்பட்டதோ அந்த வேலை உங்களிடம் இல்லை, உங்களிடம் இருக்கிற வேலைக்கு அதனிடம் இருக்க வேண்டிய இரண்டு விஷயங்கள் இல்லை. கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதே ஆசையோடு நிறைய பேர் கேட்கிறார்கள்.

கோர் கணக்கிலிருந்து ஆரம்பிப்போம். கோர் என்றால் பிராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்கிற ஒவ்வொரு மூளை, த்ரெட் என்றால் அது ஒரே நேரத்தில் எடுத்துக்கொள்கிற வேலை வரிசை. இ5-2680 வி4 என்பது 2016-ல் வந்த சர்வர் பிராசஸர். ஒன்றில் 14 கோர், அடிப்படை வேகம் 2.4 கிகாஹெர்ட்ஸ், டர்போவில் (தேவைப்படும்போது தானாக ஏறுகிற வேகம்) அதிகபட்சம் 3.3. இரண்டு போட்டால் 28 கோர், கடைக்காரர் சொன்னது உண்மைதான். ஆனால் ஆட்டோகேட் பெரும்பாலும் ஒரே கோரில் ஓடுகிற மென்பொருள். ஸ்கெட்ச்அப்பும் அப்படித்தான், மாடலைத் திருப்புவது, குரூப்பை எடிட் செய்வது எல்லாம் ஒரு கோரின் தலையில்தான் விழும். ஒரு தோசைக்கு 28 மாஸ்டர் நின்றாலும் தோசை வேகிற நேரம் மாறாது. ஆட்டோடெஸ்க் நிறுவனமே ஆட்டோகேடின் சமீபத்திய பதிப்புகளுக்குக் குறைந்தபட்சம் 2.5 முதல் 2.9 கிகாஹெர்ட்ஸ் அடிப்படை வேகம் கேட்கிறது, பரிந்துரையாக 3 கிகாஹெர்ட்ஸுக்கு மேல், டர்போவில் 4-க்கு மேல் என்கிறது. நீங்கள் பார்த்த சியான் குறைந்தபட்சத்தையே தொடவில்லை. அது ஓடவே ஓடாது என்று அர்த்தமில்லை, நன்றாகவே ஓடும், ஆனால் நீங்கள் 52,000 கொடுத்து எதிர்பார்க்கிற பாய்ச்சல் அதில் கிடைக்காது.

இதை நீங்களே இன்று ராத்திரி உங்கள் ஐ3-யில் பார்த்துவிடலாம். உங்களிடம் இருப்பதிலேயே கனமான ஸ்கெட்ச்அப் ஃபைலைத் திறந்து, பக்கத்தில் டாஸ்க் மேனேஜரையும் திறந்து வைத்துக்கொண்டு மாடலைச் சுற்றிச் சுற்றித் திருப்புங்கள். உங்கள் ஐ3-க்கு நான்கு த்ரெட். மெஷின் திணறும்போது பிராசஸர் அளவு 25, 30 சதவீதத்திலேயே நின்றுகொண்டிருந்தால், ஒரு த்ரெட் முழுசாக மூச்சுவாங்குகிறது, மற்ற மூன்றும் சும்மா இருக்கின்றன என்று அர்த்தம். அதே வேலையை 56 த்ரெட் மெஷினில் செய்தால் டாஸ்க் மேனேஜர் இரண்டு சதவீதம் காட்டும், நீங்கள் அங்கேயும் காத்துக்கொண்டுதான் இருப்பீர்கள். மாறாக 90, 100 என்று போனால் உங்களுக்குக் கோர் பற்றாக்குறை இருக்கிறது என்று ஒப்புக்கொள்ளலாம். ராம் பக்கத்தையும் அப்போதே பாருங்கள். 8 ஜிபி நிரம்பி வழிந்தால் உங்கள் தாமதத்தில் பாதி அதனால்தான்.

கடைக்காரர் "வெறும் 6 கோர்" என்று சொன்ன புது மெஷின் அநேகமாக ஐ5-12400 ஆக இருக்கும். 2022-ல் வந்தது, 6 கோர், 12 த்ரெட், டர்போவில் 4.4 கிகாஹெர்ட்ஸ். கிகாஹெர்ட்ஸை மட்டும் வைத்து ஒப்பிட்டாலே அது மேலே இருக்கிறது. அதற்கும் மேல், தலைமுறை மாறும்போது ஒரே கிகாஹெர்ட்ஸில் செய்கிற வேலையின் அளவும் கூடுகிறது. இரண்டையும் சேர்த்தால், ஒற்றைக் கோர் வேலையில் அந்தச் சியானைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் வேகம். எல்லாக் கோரையும் ஓட விட்டாலும் ஒரு 2680 வி4-ம் ஒரு 12400-ம் ஏறக்குறைய சமமாகத்தான் வருகின்றன. இரண்டு சியான் சேர்ந்தால்தான் முந்தும். அதாவது அந்த இரண்டாவது பிராசஸரை முழுசாகப் பயன்படுத்துகிற வேலை உங்களிடம் தினமும் இருக்க வேண்டும்.

அடுத்து என்ஸ்கேப். உங்கள் கடிதத்தில் உண்மையான வலி இதுதான் என்று எனக்குப் படுகிறது, ரெண்டருக்காக நண்பர் ஆபீசுக்கு அலைவது. என்ஸ்கேப், லூமியன், ட்வின்மோஷன், டி5 எல்லாமே கிராபிக்ஸ் கார்டில் ஓடுபவை. பிராசஸரில் எத்தனை கோர் இருக்கிறது என்பது அங்கே இரண்டாம் பட்சம். அந்த மெஷினில் இருக்கிற கே4200 என்பது 2014-ல் வந்த கார்டு, 4 ஜிபி மெமரி, கெப்ளர் தலைமுறை. ரே ட்ரேசிங் (ஒளி, நிழலை நிஜம் போலக் கணக்கிடுவது) வசதி கிடையாது, அது 2018-ல் ஆர்டிஎக்ஸ் கார்டுகளோடுதான் வந்தது. இதைவிடப் பெரிய விஷயம், கெப்ளருக்கான டிரைவரை என்விடியா 470 தொடரோடு முடித்துவிட்டது. புது மென்பொருள் பதிப்புகள் புது டிரைவர் கேட்கும், இந்தக் கார்டுக்கு அது வராது. "குவாட்ரோ" என்ற பெயருக்கு மதிப்புக் கொடுத்து இதற்கு விலை போடாதீர்கள். நீங்கள் விலை பேசும்போது இந்தக் கார்டை நயா பைசாவுக்குக்கூடக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

ஆக, அந்த மெஷினை வாங்கினால் அடுத்த நாளே உங்களுக்கு ஒரு கார்டு வேண்டும். 52,000 கொடுத்த பிறகு கையில் 8,000. அதற்கு உங்கள் வேலைக்கு உருப்படியான கார்டு வராது. நான் வேண்டாம் என்று சொல்வதற்கு இந்த ஒரு கணக்கே போதும்.

ராம் விஷயம். 2025 கடைசியிலிருந்து ராம் விலை எகிறியது உண்மை, அதனால் 64 ஜிபி என்று பார்த்ததும் கை அரிக்கும். ஆனால் இந்த மெஷின்களில் இருப்பது ரெஜிஸ்டர்டு இசிசி டிடிஆர்4, சர்வரில் போடுகிற வகை. சாதாரண மதர்போர்டில் அதைக் கழற்றிப் போட முடியாது. சாதாரண ராமை இதில் கலக்கவும் முடியாது. அதனால் "மெஷின் சரியில்லாவிட்டாலும் ராமாவது தேறும்" என்ற கணக்கு செல்லாது. இன்னொன்று, இசட்640-ல் இரண்டாவது பிராசஸர் தனிப் பலகையில் உட்கார்ந்திருக்கும், மெயின் போர்டில் நான்கு ராம் ஸ்லாட், அந்தப் பலகையில் நான்கு. ஒவ்வொரு பிராசஸரும் நான்கு சேனலில், அதாவது நான்கு தனிப் பாதையில், ராமைப் படிக்கும். எட்டு ஸ்லாட்டிலும் 8 ஜிபி போட்டிருந்தால்தான் அதன் முழு வேகம் வரும். பல கடைகளில் கையில் இருக்கிற நான்கு 16 ஜிபியை இரண்டு இரண்டாகப் பிரித்துப் போட்டுவிடுவார்கள், 64 என்றுதான் காட்டும், ஆனால் வேகத்தில் பாதிச் சேனல் காலி.

யாருக்கு இந்த மெஷின் பொருந்தும் என்றும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நியாயமாக இருக்காது. 3டிஎஸ் மேக்ஸில் கொரோனா ரெண்டரர் வைத்து வேலை செய்கிறவர்களுக்கு அள்ளிக் கொடுக்கும், ஏனென்றால் கொரோனா முழுக்கப் பிராசஸரில் ஓடுவது, இருக்கிற அத்தனை கோரையும் எடுத்துக்கொள்ளும். வி-ரேயை பிராசஸர் மோடில் ஓட்டுகிறவர்களுக்கும் அப்படியே. ஓப்பன்ஃபோம் மாதிரி திரவ ஓட்டக் கணக்குப் போடுகிற ஆராய்ச்சி மாணவர்கள், வீட்டில் ஒரே மெஷினில் பத்துப் பன்னிரண்டு விர்ச்சுவல் மெஷின் ஏற்றி நெட்வொர்க்கிங் படிக்கிறவர்கள், இவர்களுக்கெல்லாம் இந்த விலையில் இதற்கு மாற்றே இல்லை என்று தைரியமாகச் சொல்வேன். திருகாணி இல்லாமல் கையாலேயே கழற்றுகிற அமைப்பு, காற்று போகிற வழி, பவர் சப்ளையின் தரம், எல்லாம் நாள் முழுக்க ஓடுவதற்கென்றே யோசித்துச் செய்தவை. பெரிய கம்பெனிகள் லீஸ் முடிந்ததும் மொத்தமாக வெளியே தள்ளுகிற மெஷின்கள் இவை, அதனால்தான் இவ்வளவு மலிவு. வீடியோ எடிட்டிங்குக்கு என்று கேட்பவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை: இந்தச் சியான்களில் உள்ளமைந்த கிராபிக்ஸ் கிடையாது, அதனால் வீடியோவை வேகமாகப் பிரித்துக் காட்டுகிற இன்டெலின் குயிக் சிங்க் வசதியும் கிடையாது. இப்போதைய கேமராக்கள் எடுக்கிற எச்.265 ஃபைல்களை டைம்லைனில் ஓட்டும்போது சாதாரண ஐ5 வழுக்கிக்கொண்டு போக, இது தடுக்கித் தடுக்கி நிற்பதைப் பார்க்கலாம், கார்டு நல்லதாக இல்லாவிட்டால்.

விண்டோஸ் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்க வேண்டும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. வீட்டுப் பயனர்களுக்கான கூடுதல் பாதுகாப்பு அப்டேட்டும் 2026 அக்டோபர் 13 வரைதான். விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் வைத்திருக்கும் பிராசஸர் பட்டியலில் இ5 வி3, வி4 எதுவும் இல்லை. குறுக்கு வழியில் ஏற்றலாம், கடையிலும் ஏற்றித்தான் தருவார்கள், நன்றாகவே ஓடும். ஆனால் அப்படி ஏற்றியதற்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தருவதில்லை. வருடாவருடம் வரும் பெரிய அப்டேட்டை நீங்களே உட்கார்ந்து கையால் ஏற்ற வேண்டியிருக்கும். இதே மெஷினில் பேங்க் கணக்கும் பார்க்கிறீர்கள், பார்ட்டியின் ஃபைலும் வைத்திருக்கிறீர்கள் என்றால் இது சின்ன விஷயமில்லை. இன்னொரு நுணுக்கம்: விண்டோஸ் ஹோம் பதிப்பு ஒரே ஒரு பிராசஸரைத்தான் எடுத்துக்கொள்ளும். இரண்டு பிராசஸர் மெஷினுக்கு ப்ரோ வேண்டும். ஹோம் ஏற்றிக் கொடுத்திருந்தால் உங்கள் 28 கோரில் 14 தூங்கிக்கொண்டிருக்கும்.

கரண்ட் பில்லையும் யோசியுங்கள். ஒவ்வொரு 2680 வி4-ம் 120 வாட் ரகம். இரண்டு சேர்ந்த மெஷின் சும்மா டெஸ்க்டாப்பைக் காட்டிக்கொண்டு நின்றாலே 100 வாட் பக்கம் இழுக்கும், முழு வேலையில் 300-ஐத் தாண்டும். புது ஐ5 மெஷினோடு ஒப்பிட்டால் சராசரியாக 100 வாட் கூடுதல் என்று வைத்துக்கொள்வோம். நாளைக்குப் பத்து மணி நேரம் ஓட்டினால் ஒரு யூனிட், நம் இரண்டு மாதக் கணக்குக்கு 60 யூனிட். வீட்டு இணைப்பில் 500 யூனிட்டைத் தாண்டினால் ஸ்லாப்பே மாறிவிடும், அதற்கு மேல் ஓடுகிற யூனிட் எட்டு ரூபாய்க்கு மேல். ஏற்கெனவே வீட்டில் ஏசி ஓடி 450, 480 என்று நின்றுகொண்டிருந்தால் இந்த மெஷின்தான் உங்களை எல்லையைத் தாண்ட வைக்கும். வருடத்துக்கு ஏறக்குறைய 3,000 ரூபாய் கூடுதல் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், வீட்டில் போடுகிற 600 விஏ யுபிஎஸ் இதைத் தாங்காது, கரண்ட் போனதும் மெஷினும் சேர்ந்து அணைந்துவிடும். குறைந்தது 1 கேவிஏ வேண்டும். அதுவும் தனிச் செலவு. வெயிலும் ஒரு விஷயம்தான். எச்பி இந்த மெஷின்களுக்கு 35 டிகிரி வரைக்கும்தான் சூழல் வெப்பம் சொல்லியிருக்கிறது. சித்திரை மாதத்து மதுரையில், மொட்டை மாடிக்குக் கீழே இருக்கிற அறையில், இரண்டு பிராசஸரும் ரெண்டரில் ஓடும்போது என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம், ஃபேன் சத்தத்தில் போன் பேச முடியாது.

சரி, 60,000-ஐ எப்படிச் செலவழிக்கலாம்?

நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதலில் கார்டுக்குப் பணத்தை ஒதுக்குவேன். ஆர்டிஎக்ஸ் 3060, 12 ஜிபி உள்ளது, செகண்ட் ஹேண்டில் நல்லதாகப் பார்த்து வாங்கினால் உங்கள் என்ஸ்கேப் வேலைக்கு நீண்ட நாள் வரும். 12 ஜிபி என்று அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் மரம், புல், பர்னிச்சர் என்று மாடலில் ஏற்ற ஏற்ற கார்டின் மெமரிதான் முதலில் நிரம்பும். அதே பெயரில் 8 ஜிபி ரகமும் சுற்றுகிறது, பெட்டியைப் பார்த்து ஏமாறாதீர்கள், ஜிபியு-இசட் மென்பொருளைப் போட்டுப் பாருங்கள். போலி கார்டாக இருந்தாலும் அது காட்டிக்கொடுத்துவிடும். கார்டுக்கு 20,000-ஐத் தாண்டாமல் பாருங்கள்.

மீதி 40,000-க்கு இரண்டு வழி. ஒன்று, ஐ5-12400, எச்610 போர்டு, 16 ஜிபி டிடிஆர்4, 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, 550 வாட்டில் நல்ல கம்பெனி எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை). ராம் விலை இருக்கிற நிலையில் இறுக்கிப் பிடித்துத்தான் வாங்க வேண்டியிருக்கும், அதனால் 16-ஐ ஒரே குச்சியாகப் போட்டுவிட்டு பின்னால் இன்னொன்று சேர்க்கலாம். மானிட்டர், கீபோர்டு எல்லாம் பழையதையே வைத்துக்கொள்ளுங்கள், கேபினட்டும் தூசு தட்டினால் போதும். உங்களைப் போல ஒற்றை ஆளாக, டெட்லைனில் வேலை செய்கிறவருக்கு நான் இந்த வழியைத்தான் சொல்வேன். மூன்று வருட வாரன்டியோடு வருகிறது, விண்டோஸ் 11 முறைப்படி ஏறும், நாளைக்கு ஏதாவது போனால் மதுரையிலேயே பார்ட்ஸ் கிடைக்கும்.

இரண்டாவது வழி, ஒர்க்ஸ்டேஷன்தான் வேண்டும் என்று மனசு அடம்பிடித்தால். இசட்640-க்கு அடுத்த தலைமுறையைச் சேர்ந்த இசட்4 ஜி4 தேடுங்கள், 2017-ல் வந்தது, ஒற்றைப் பிராசஸர். அதில் சியான் டபிள்யூ-2135 இருந்தால் நல்லது, 6 கோர்தான், ஆனால் அடிப்படையே 3.7, டர்போ 4.5 கிகாஹெர்ட்ஸ். ஆட்டோகேட் கேட்கிற குணம் அதனிடம் இருக்கிறது. விண்டோஸ் 11 பட்டியலிலும் இந்தச் சியான் டபிள்யூ வரிசை இருக்கிறது. என்விஎம்இ எஸ்எஸ்டி சொருகுகிற எம்.2 ஸ்லாட் போர்டிலேயே உண்டு. டெல்லில் இதற்கு இணை பிரிசிஷன் 5820. ஆனால் பவர் சப்ளையைக் கேட்டு வாங்குங்கள். இசட்4-ல் 465 வாட், 750 வாட், 1000 வாட் என்று மூன்று ரகம் உண்டு, 3060 போட 750 இருந்தால் நிம்மதி. இந்த மெஷின்களில் எச்பி, டெல் இரண்டுமே தங்கள் சொந்த வடிவப் பவர் சப்ளைதான் போடுகின்றன. போனால் கடைக்குப் போய் ஒரு ஏடிஎக்ஸ் எஸ்எம்பிஎஸ் வாங்கிச் சொருகிவிட முடியாது, அதே மாடல் பழையது தேட வேண்டும், அது கிடைக்கிற வரை உங்கள் வேலை நிற்கும். மதர்போர்டுக்கும் இதே கதை. பழைய ஒர்க்ஸ்டேஷனில் நான் பயப்படுகிற ஒரே இடம் இதுதான்.

இசட்4-ஓ, இல்லை நான் சொல்லியும் கேட்காமல் அந்த இசட்640-ஓ, எதை வாங்கப் போனாலும் கடையில் அவசரப்படாமல் உட்காருங்கள். விண்டோஸ் ஏறுவதற்கு முன்னால் வருகிற அமைப்புப் பக்கமான பயாஸுக்குள் போய்ப் பாருங்கள். பாஸ்வேர்டு கேட்டால் அந்த மெஷினைத் தொடவே வேண்டாம், பழைய கம்பெனியின் பூட்டு இன்னும் இருக்கிறது என்று அர்த்தம், அதை எடுக்காமல் விண்டோஸைத் தவிர வேறெதுவும் உங்கள் கட்டுப்பாட்டில் வராது. செக்யூரிட்டி பக்கத்தில் கம்ப்யூட்ரேஸ் அல்லது அப்சொல்யூட் என்று ஒன்று நிரந்தரமாக ஆன் ஆகியிருந்தாலும் அப்படியே, யாரோ ஒரு கம்பெனியின் கண்காணிப்புப் பட்டியலில் அந்த மெஷின் இருக்கலாம், பின்னால் லாக் ஆனால் உங்களால் ஒன்றும் செய்ய முடியாது. சிபியு-இசட் போட்டு பிராசஸர் பெயரைச் சரிபாருங்கள், "எஞ்சினியரிங் சாம்பிள்" என்று வந்தால் அது விற்பனைக்கென்று செய்யப்பட்டதே அல்ல. எஸ்எஸ்டி, ஹார்ட் டிஸ்க் இரண்டையும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் பாருங்கள், எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று காட்டும். ஹார்ட் டிஸ்க் 30,000, 40,000 மணி நேரம் ஓடியிருந்தால் அதை இலவச இணைப்பு என்று மட்டும் நினைத்துக்கொண்டு, பார்ட்டி ஃபைலை அதில் வைக்காதீர்கள். பிறகு அரை மணி நேரம் முழு லோடில் ஓட விட்டு எச்டபிள்யூஇன்ஃபோவில் வெப்பத்தைப் பாருங்கள். 90-ஐத் தொட்டால் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கிறது, மாற்றித் தரச் சொல்லலாம், பெரிய செலவில்லை. மூடியைத் திறந்து உள்ளே ஒருமுறை பாருங்கள். தூசு இருப்பதில் தப்பில்லை. துரு இருந்தால், போர்டில் வெள்ளை பூத்திருந்தால், எழுந்து வந்துவிடுங்கள்.

இதையெல்லாம்விட முக்கியமான சோதனை ஒன்று இருக்கிறது. உங்கள் கனமான ஸ்கெட்ச்அப் ஃபைலைப் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு போங்கள். அந்த மெஷினில் ஸ்கெட்ச்அப்பை ஏற்றித் திறந்து திருப்பிப் பாருங்கள். அதே கடையிலோ பக்கத்துக் கடையிலோ 12400 ஒன்று டெமோவில் இருக்கும், அதிலும் திறந்து பாருங்கள். நான் எழுதியதை நம்ப வேண்டாம், உங்கள் கண்ணே சொல்லிவிடும். இதற்கு ஒத்துக்கொள்ளாத கடையில் 52,000 ரூபாய்க்குச் சாமான் வாங்கக் கூடாது.

யூடியூபில் இதே சியானை எக்ஸ்99 என்ற பெயரில் வரும் மலிவு மதர்போர்டில் போட்டு இன்னும் மலிவாகக் காட்டுகிறார்கள், அதுவும் உங்கள் கண்ணில் பட்டிருக்கும். அந்தப் போர்டுகளில் பலவற்றில் இருப்பது பழைய சாதாரண மதர்போர்டிலிருந்து கழற்றிய சிப்செட், மேலே எக்ஸ்99 என்று பெயர் மட்டும். ஆராய்ந்து பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு அது நல்ல பொழுதுபோக்கு. பிழைப்பை அதில் வைக்காதீர்கள்.

ஒரே நேரத்தில் எல்லாம் வாங்க முடியாது, கொஞ்சம் பணத்தை வீட்டுக்கு விட்டுவைக்க வேண்டும் என்ற நிலை இருந்தால், படிப்படியாகவும் போகலாம். முதலில் கார்டும் 550 வாட் எஸ்எம்பிஎஸ்ஸும் மட்டும் வாங்கி இப்போதிருக்கிற ஐ3-யிலேயே போட்டு, கூட 8 ஜிபி டிடிஆர்3 ராம் பழையது ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். வாங்குவதற்கு முன் உங்கள் போர்டில் அந்தக் கார்டு டிஸ்ப்ளே தருகிறதா என்று கடையிலேயே சொருகிப் பார்த்துவிடுங்கள், அந்தக் காலத்து சில போர்டுகள் புதுக் கார்டோடு முரண்டு பிடிக்கும். ஐ3 கார்டை முழுசாக ஓட்ட விடாது, ஸ்கெட்ச்அப் அதே மந்தத்தில்தான் இருக்கும், ஆனால் ரெண்டர் உங்கள் வீட்டிலேயே வெளிவரும். நண்பர் ஆபீஸ் அலைச்சல் அன்றோடு நிற்கும். நாலைந்து மாதம் கழித்து பிராசஸர், போர்டு, ராமை மாற்றும்போது கார்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் அப்படியே புது மெஷினுக்குப் போய்விடும், அந்தப் பழைய ராமைத் தவிர எதுவும் வீணாகாது.

கடைசியாக அந்த 2,000. ரீஃபர்பிஷ்டு கடைகளில் அட்வான்ஸைப் பணமாகத் திருப்பித் தருவது அபூர்வம், அதனால் சண்டைக்குப் போகாதீர்கள். "அண்ணே, என் வேலைக்கு இந்த மெஷின் ஒத்துவராது, வேற சாமான்ல கழிச்சுக்கலாம்" என்று நேரில் போய்ச் சொல்லுங்கள். உங்களுக்கு இப்போது 3060 கார்டு வேண்டும், பின்னால் ஒரு யுபிஎஸ்ஸோ 24 இஞ்ச் மானிட்டரோ தேவைப்படலாம், மூன்றில் ஏதாவது ஒன்று அவரிடம் இருக்கும். கார்டு அவரிடமே இருந்தால் குறைந்தது ஒரு மாத டெஸ்டிங் வாரன்டியைப் பில்லில் எழுதி வாங்குங்கள், சீரியல் நம்பரோடு. வாயால் சொன்னது போதாது. எதுவுமே தோதுப்படவில்லை என்றால் 2,000 போனாலும் போகட்டும் என்று விட்டுவிடுங்கள், அதற்காக 50,000 கொடுத்து மெஷினைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள். அப்படியே அவரிடம் இசட்4 ஜி4 வருமா என்றும் ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள், வந்தால் பிராசஸர் மாடலையும் பவர் சப்ளை வாட்டையும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.